மூணு நாள், மூவாயிரம் ரூபாய்

பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் போன் போட்டான். "மாமா, வியட்நாம் போலாம்னு இருந்தோம். பட்ஜெட் ஒத்துவரல. அதான் நம்ம ஊர்ப் பக்கமே ஒரு சுத்து. மூணு நாள், ஆளுக்கு மூவாயிரம், முதுகுல ஒரே ஒரு பை. நீங்கதான் பிளான் போட்டுத் தரணும்." பை என்ன விலை என்றேன். ஒன்பதாயிரமாம். மழைக்கு நனையாதாம். நெஞ்சு வாரில் ஒரு விசில்கூட வைத்துத் தைத்திருக்கிறார்களாம், காட்டில் தொலைந்துபோனால் ஊதுவதற்கு.

பின்னாலிருந்து அக்கா சத்தம் கேட்டது. "அல்வா ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுல. ஒரு கேன் ஆத்துத் தண்ணி மட்டும் புடிச்சிட்டு வரட்டும். இந்த ஊர்த் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்கு."

சரி மருமகனே, பிளான் இதோ. முதலில் செலவு. மூவாயிரமெல்லாம் எதற்கு? பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணியின் நீளமே 128 கிலோமீட்டர்தான். திருநெல்வேலியில் செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். திருச்செந்தூர்ப் பாசஞ்சரில் ஏறினால் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. டிக்கெட் இரண்டு டீ, ஒரு வடைக் காசு. உன்கூட வரும் பெண்பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் அதுவும் கிடையாது, 2021 முதல் இலவசம். படுக்க பத்தமடையில் இறங்கி ஒரு கோரைப்பாய் வாங்கிக்கொள். எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கே இங்கிருந்து பாய் போயிற்று என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாய் நெய்கிற அம்மாவின் நாள்கூலியை மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் அப்புறம் 'பட்ஜெட்' என்ற சொல்லை உன் வாயால் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. சல்லிசாக ஊர் சுற்றும் வித்தையில் நீ வெறும் கத்துக்குட்டி. இந்த ஆற்றங்கரையில் உன்னைத் தூக்கிச் சாப்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வழியில் ஒவ்வொருவராகக் காட்டுகிறேன்.

முதல் நாள் மாஞ்சோலை. கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு வழியாக பஸ் மேலே ஏறும். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று உன் ஒன்பதாயிரம் ரூபாய்ப் பையைத் துழாவுவார்கள். துழாவட்டும், புலிகள் காப்பகம். மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று பெயர்களே குளிரும். தேயிலைச் சரிவில் மேகம் இறங்கும். படம் எடுத்துக்கொள். படத்தில் ஆள் யாரும் விழவில்லையே என்று சந்தோஷப்படாதே. ஆட்களைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்று ஒரு கம்பெனி. பெயரிலேயே இரண்டு ஊர் சுற்றியாயிற்று. மூன்றாவதாக 1929இல் இங்கே வந்து இறங்கி, சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. ரூமைக் காலி செய்யும் தேதி 2028. காட்டை வெட்டி, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, செடி நட்டு, இலை பறித்ததெல்லாம் கீழேயிருந்து ஏற்றிக்கொண்டு போன கூலிக்காரர்கள். நாலு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே செத்தார்கள். 2024 ஜூனில் அவர்களிடம் 'விருப்ப ஓய்வு'க் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சட்டி பானையோடு கிளம்பச் சொன்னார்கள். யார் விருப்பம் என்று அந்தக் காகிதத்தில் போட்டிருக்கவில்லை. காடு காட்டுக்கே திரும்புகிறதாம். திரும்பட்டும். நானும் காட்டின் பக்கம் நிற்கிற ஆள்தான். ஆனால் இத்தனை வருஷம் விற்றுத் தின்றவன் இயற்கைக்கு வழிவிட்ட புண்ணியவானாகக் கிளம்ப, அவனுக்கு இலை பறித்துக் கொடுத்தவள் மட்டும் எப்படிக் காட்டை அடைத்துக்கொண்டிருந்தவள் ஆனாள்?

பக்கத்தில்தான் பாபநாசம். ஆனால் அதை அப்புறம் பார்க்கலாம். இந்த மலைக்காரர்களின் கதை என்னைக் கீழே, திருநெல்வேலிக் கொக்கிரகுளத்துக்கு இழுக்கிறது.

1999 ஜூலை 23. அவர்களிடமும் உன்னைப்போல ஒரு பட்ஜெட் இருந்தது. ஒரு நாளைக்கு 150 ரூபாய். செலவழிக்க இல்லை, கூலியாக. அதைக் கேட்டும், சிறையில் கிடக்கும் சக தொழிலாளிகளை விடச் சொல்லியும் ரயில் நிலையத்திலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தார்கள். மனு கொடுக்க வந்தவர்களுக்குத் தடியடி கிடைத்தது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. ஆற்றில் இறங்கி ஓடினார்கள், அங்கேயும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள், அதில் ஒன்று கைக்குழந்தை. நீதிபதி மோகன் தலைமையில் கமிஷன் போட்டார்கள். கமிஷன், மூழ்கிச் செத்தவர் 11, காயத்தால் செத்தவர் 6 என்று பிரித்துச் சொன்னது. 11உம் 6உம் 17. கூட்டலில் ஒரு தப்பும் கிடையாது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பிறந்த நீ ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாயைச் சிக்கனம் என்கிறாய். உன்மேல் தப்பில்லை. அந்த இடத்தில் நின்றால் உனக்கு ஒன்றும் தெரியாது. ஆறு ஓடும், எருமை குளிக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் கட்சிகள் முறை வைத்து வந்து தண்ணீரில் பூப் போட்டுவிட்டுப் போகும்.

அங்கிருந்தே சுலோசன முதலியார் பாலம் தெரியும். 1843இல் திறந்தது. முதலியார் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார். ஆற்றுக்குப் பாலம் கட்ட வேண்டும், பணத்துக்குச் சுங்கம் வைக்கலாம் என்று துரைமார் பேசியபோது, ஏழை பாழை தலைக்குக் காசு கொடுத்து ஆற்றைக் கடப்பதாவது என்று மொத்தச் செலவையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் கைக்காசைப் போட்டு ஜனங்களுக்குப் பாலம் கட்டினார் என்று நான் சொன்னால் நம்பமாட்டாய். அதனால் போய்க் கல்லைத் தொட்டே பார்த்துவிடு. அந்தப் பாலம் திறந்து 156 வருஷம் கழித்து அதே கரையில்தான் 150 ரூபாய் கேட்டவர்களை ஆற்றுக்குள் விரட்டினார்கள்.

(ராத்தங்கலுக்கு ஜங்ஷனில் லாட்ஜ் உண்டு. பஸ் ஸ்டாண்டும் உண்டு, இப்போது. 2018இல் 'ஸ்மார்ட்' ஆக்குவதற்காக இடித்தார்கள். அந்த வருஷம் பிளஸ் ஒன்னில் சேர்ந்த பிள்ளைகள் இன்ஜினியரிங் முடித்து வேலை தேட ஆரம்பித்த பிறகுதான் திறந்தார்கள்.)

இப்போது பாபநாசம். படித்துறையில் பார்த்து இறங்கு. மூன்றாவது படியில் கால் வைத்ததும் ஏதோ காலைச் சுற்றும். பயப்படாதே, பாம்பில்லை, பாவாடை. கடைசியாக நான் போனபோது என் காலைச் சுற்றியது ஒரு பள்ளிக்கூடச் சட்டை. சட்டைப் பையில் பேனா கசிந்த நீலக் கறை அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்ததோ. பாவம் தொலைக்க வருகிறவர்கள் மூன்று முங்கு போட்டு, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டுமாம். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியாது, ஜோசியர் வாயில் இருக்கிறது. கூடவே ஷாம்பு பாக்கெட், சோப்புத் தாள், மாலை, தேங்காய் மூடி. மற்ற எதைத் தப்பவிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் போவதை மட்டும் ஒருவரும் தப்பவிடுவதில்லை.

பத்தடி தள்ளி ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கம்பிக் கொக்கியால் துணிகளை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். ஈரத்துணி பொல்லாத கனம். ஒரு பட்டுச் சேலையை இழுக்க அவர் உடம்பு முழுவதையும் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. "காலையில ஒரு லோடு போயிட்டு. சாயங்காலம் இன்னொண்ணு" என்றார். கையுறை கிடையாது. ஊரான் பாவத்தை லோடு கணக்கில் சுமக்கிறவர் தன் பாவத்தை எந்த ஆற்றில் போய்க் கழிப்பார் என்று தெரியவில்லை.

மேலே துணி என்றால் கீழே திருநெல்வேலியில் சாக்கடை. மாநகரத்தின் கழிவு கலக்கிறதா இல்லையா என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு முன்பே குறுக்குத்துறையில் குளிக்கிற யாரையாவது கேட்டிருக்கலாம், மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லியிருப்பார். இந்த ஆறுதான் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர்.

இனி நம்ம ஊரின் மகா சிக்கனப் பயணியைப் பார்க்கலாம். கங்கைகொண்டான் சிப்காட். கோக், பெப்சி இரண்டுக்கும் தாமிரபரணித் தண்ணீர் போனது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்து வைத்தது. 2017 மார்ச் 2ஆம் தேதி அந்தத் தடையை நீக்கியது. ஜல்லிக்கட்டுச் சூட்டில் இந்தப் பானங்களை விற்கமாட்டோம் என்று அறிவித்திருந்த வணிகர்கள் விற்பனையை நிறுத்தி அப்போது சரியாக ஒரு நாள் ஆகியிருந்தது. கொடுப்பது 'உபரி நீர்'தான் என்று கோர்ட்டில் சொன்னார்கள். அந்த வருஷம் கடைமடையில் வாழையும் நெல்லும் காய்ந்து நின்றன, அவற்றிடம் உபரி என்றால் என்னவென்று கேட்கத்தான் ஆளில்லை. விலை ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்று அன்றைக்குப் பத்திரிகைகள் எழுதின. லிட்டருக்கு நாலு காசுகூட இல்லை. நீ பஸ் ஸ்டாண்டில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குக் கொடுக்கும் 20 ரூபாய்க்கு அவர்களுக்கு 533 லிட்டர். பட்ஜெட் டூர் என்றால் இது மருமகனே. நீயும் இருக்கிறாயே, பேரம் பேசத் தெரியாமல்.

மண்ணும் இங்கே பயணம் போகும், ராத்திரி லாரியில். அதற்கு டிக்கெட் கேட்கக் கூடாது. முறப்பநாட்டில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் கேட்டார். 2023 ஏப்ரல் 25 அன்று, பட்டப்பகலில், அவருடைய ஆபீசுக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். போகிறது மட்டும்தான் என்று நினைக்காதே, வருகிறதும் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவுகள் மலை தாண்டி வந்து நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் தங்கின. ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு, நோயாளிகளின் சீட்டு. பசுமைத் தீர்ப்பாயம் அதட்டிய பிறகு கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். வந்ததும் ஓசி, திரும்பியதும் அரசு மரியாதையோடு. உனக்குக் கிடைக்குமா?

மூன்றாம் நாள் ஆதிச்சநல்லூர், செத்தவர்களின் ஊர். அவர்களும் சும்மா இருக்கவில்லை. 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததில் கொஞ்சம் பேர் பெர்லின் போய்ச் சேர்ந்தார்கள். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் நிறையப் பேர் எழும்பூர் மியூசியம் போனார்கள். 2004, 2005இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டி, தாழி தாழியாக எடுத்தது. அதன் அறிக்கை வெளிவரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, கோர்ட் படியேறியும் ஆயிற்று. தாழிக்குள் மூவாயிரம் வருஷம் காத்திருந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு காத்திருப்பா? 2023இல் குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டு, அந்த இடத்திலேயே காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். கண்ணாடிமேல் நின்று காலடியில் பாட்டனைப் பார்க்கலாம். பார்க்க வேண்டிய இடம்தான், கேலியில்லாமல் சொல்கிறேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றால் இறங்கி ஒரு நிமிஷம் பிளாட்பாரத்தில் நில். 2023 டிசம்பர் 17, 18இல் ஆறே பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு கிளம்பிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஜங்ஷன், முறப்பநாடு, ஏரல் என்று ஒரு ஸ்டாப்பையும் ஆறு விடவில்லை, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் இங்கே நூற்றுக்கணக்கான ஆட்களோடு மாட்டிக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. ஹெலிகாப்டர் வருமுன்பு அவர்களுக்குச் சோறு பொங்கிக்கொண்டு வந்தது பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். அவர்கள் ஊரையும் சுற்றித் தண்ணீர்தான். வீட்டிலிருந்த அரிசியை அள்ளிப்போட்டு உலை வைத்தவர்கள் தலைக்கு இத்தனை என்று பில் போடவில்லை.

இவ்வளவையும் எழுதி அனுப்பி ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

"மாமா, பிளான் சூப்பர். ஆனா குளிக்கிறதுக்குன்னு ஒரு இடம்கூட இல்லையே?"

"இல்லை."

"சரி விடுங்க. அம்மா கேட்ட தண்ணி? எங்க புடிக்க?"

கொஞ்சம் யோசித்தேன். பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் போக அனுமதி கிடைக்காது. கீழே எந்தப் படித்துறையைச் சொன்னாலும் அக்கா குடித்துவிட்டு என்னைத்தான் திட்டுவாள்.

"அதுக்கு நீ இவ்வளவு தூரம் வரவே வேண்டாம்ல. உங்க தெருக்கோடிக் கடையில போயி ஒரு கலர் வாங்கு. பாட்டில்ல கங்கைகொண்டான்னு போட்டிருக்கான்னு மட்டும் பாத்து வாங்கு. போட்டிருந்தா, அதுல இருக்கது உங்க அம்மைக்குப் பழக்கமான தண்ணிதான்."