செத்தால் இ-பாஸ் உண்டு

முதியவர், நடுவயதினர், இளைஞர் என்று ஒவ்வொரு வயதின் மனத்தையும் தனித்தனியே எண்ணிப் பார்த்து நம் அரசு ஒரு திட்டம் தீட்டியதே, நினைவிருக்கிறதா? நாள், 2020 மே 7. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி வரை. நாற்பது முதல் ஐம்பது வரை உள்ளவர்களுக்கு 1 முதல் 3. அதற்கும் இளையவர்களுக்கு 3 முதல் 5. இடம், டாஸ்மாக் கடை. கொரோனா பெருந்தொற்றில் வயதுவாரியாக யோசித்த துறை வாழ்க!

அந்த வரிசையில் நிற்கக் குழந்தைகளுக்கு வயசு பத்தவில்லை. அதனால் காத்திருந்தார்கள். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1இல். அதற்குள் இரண்டாம் வகுப்பு வந்துவிட்டது. "டீச்சர், இவன் கிள்றான்" என்று சொல்லக்கூட ஆளில்லாமல் ஒன்றரை வருடம். பிள்ளை எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறதே என்றால், "போனைப் பிடுங்கி வையுங்கள்" என்றார்கள். போனில்தான் பாடம் என்று சொன்ன அதே புண்ணியவான்கள்!

கிழடுகளுக்கு இன்னும் கரிசனம். "வெளியே வராதீர்கள்" என்று கதவைச் சாத்தியாயிற்று. ஊரில் தனியாகக் கிடக்கும் அம்மாவைப் பார்க்க மகன் கிளம்பினால் அப்போது அரசின் பயண அனுமதியான இ-பாஸ் வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அதற்கு ஏற்ற காரணங்கள் மூன்று: திருமணம், மருத்துவ அவசரம், இறப்பு. பேச்சுத் துணையின்றி அம்மா சுவரோடு பேசுகிறாள் என்பது எந்தக் கட்டத்திலும் அடங்காது. அவள் செத்துப்போனால் அடங்கும். மகன் சான்றை இணைத்து விண்ணப்பிக்கலாம்.

மனசு உடைந்தவர்களுக்கு மருந்து இல்லாமலா? கை தட்டினோம், விளக்கேற்றினோம். வேலை போன இளைஞனுக்கு "யோகா பண்ணு தம்பி, பாசிட்டிவா இரு" என்று இலவச வைத்தியம் பார்த்தோம். அடுத்த ஆண்டு மத்திய பட்ஜெட்டில் தேசிய மனநலத் திட்டத்துக்கு 40 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஜனத்தொகையால் வகுத்தால் தலைக்குச் சுமார் 30 பைசா. நாட்டின் துக்கத்துக்கு ஒரு மிட்டாய்க் காசுகூடத் தேறவில்லை.

கிருமிக்குப் பயந்து கதவடைத்ததைக் குறை சொல்லவில்லை. உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்ததைத்தான் கேட்கிறோம். அடுத்த தொற்றுக்கு ஆணை எழுதப்போகும் ஐயா, அந்தப் படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டம் போடுங்கள்: 'உயிரோடு இருப்பவரைப் பார்க்க.' அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.