ஐந்து வோல்ட் என்னும் மாயை: 1966 மஸ்டாங்கின் முட்களை முன்வைத்து

1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கின் டேஷ்போர்டுக்குப் பின்னே சிறு தகர டப்பா ஒன்று உறைகின்றது. வோல்டேஜ் லிமிட்டர் என்பது அதன் பெயர். பெட்ரோல், வெப்பம், ஆயில் அழுத்தம் காட்டும் மூன்று முட்களுக்கும் ஐந்து வோல்ட் வழங்குவது அதன் தொழில் என்பர் முன்னோர். பிறந்த நாள்தொட்டு அது ஒரு கணமும் ஐந்து வோல்ட் வழங்கியதில்லை என்பதே எமது துணிபு.

அஃது எவ்வாறெனின், டப்பாவுக்குள் இருப்பவை ஓர் ஈருலோகப் பட்டையும் அதைச் சுற்றிய சூடேற்றும் கம்பியுமே. பட்டை குளிர்ந்திருந்தால் தொடுமுனைகள் சேர்ந்திருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டும் அப்படியே பாயும். சூடேறிப் பட்டை வளைந்தால் முனைகள் பிரியும்; பாய்வது பூஜ்யம். ஆறினால் மறுபடியும் 12. இவற்றின் சராசரிக்கே ஐந்து என்று பெயர். அற்றேல், முட்கள் துள்ளாதது ஏன்? கேஜ்களும் ஈருலோகப் பட்டையால் ஆனவை. சூடாகவும் ஆறவும் நேரம் கேட்பவை. ஒருவர் செய்யும் தில்லுமுல்லை மற்றவரின் சோம்பல் மறைக்கிறது. காட்டிக்கொடுப்பது ரேடியோ ஒன்றுதான். அதன் கரகரப்பை அடக்கவே சோக் சுருள் வைத்தார்கள்.

இனி நோய் அறியும் முறை. சைவ சித்தாந்திகள் ஒப்பும் மூன்று அளவைகளும் இங்கே செல்லுபடியாகும். காட்சி: சோதனை விளக்கை டப்பாவின் வெளிமுனையில் வைத்தால் மினுக்கி மினுக்கி எரிய வேண்டும்; விடாமல் எரிந்தால் முனைகள் ஒட்டிக்கொண்டன, எரியவே இல்லையெனில் பிரிந்தே நின்றுவிட்டன. (டிஜிட்டல் மீட்டரை வைத்தால் எண்கள் குதிக்கும், அறிவு வளராது.) கருதல்: ஒரு முள் மட்டும் பொய் சொன்னால் குற்றம் அந்தக் கேஜிலோ அதன் உணரியிலோ (சென்டர்) இருக்கலாம், மூன்றும் ஒரே குரலில் பொய் சொன்னால் லிமிட்டரே தலைவன். உரை என்பது கம்பெனியின் பழுதுநூல். அதை எல்லாம் கழற்றிப்போட்ட பிறகே திறப்பது மரபு.

எர்த் விஷயத்தில்தான் அறிஞர் பலர் வழுக்குவர். டப்பாவின் உடல் எர்த்தைத் தொடாவிட்டால் சூடேற்றும் கம்பிக்கு மின்சாரம் இல்லை. பட்டை வளையாது, முனை பிரியாது, 12 வோல்ட் தடையின்றிப் பாயும். ஒரு திருகு தளர்ந்தால் அரை டேங்கும் நிறைந்ததாகத் தோன்றும் என்றவாறு. நிறைகுடம் தளும்பாது என்பது இந்த முள்ளுக்கும் பொருந்தும், கேஜ் கருகும்வரை. ஆகவே புதியதை மாட்டுமுன் பேட்டரி எர்த் வயரைக் கழற்றுக. திருகு அமரும் இடத்தைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்க. லிமிட்டரை விலக்கிவிட்டுக் கேஜுக்கு நேரே 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது ஆராய்ச்சி ஆகாது.

நவீனர் 7805 என்னும் சில்லு கொள்வர். அது மெய்யாகவே ஐந்து வோல்ட் தரும். பழைய டப்பாவின் விளிம்பை நெம்பித் திறந்து, பட்டையை எடுத்தெறிந்து, சில்லை உள்ளே திருகி, மறுபடியும் மூடுவது வழக்கம். சில்லின் உலோக முதுகே அதன் எர்த் என்பதால் டப்பாவின் உடலே எர்த்தும் தருகிறது, சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. இடையன் மூலன் உடலில் திருமூலர் புகுந்ததற்கு ஒப்பான இந்தக் கூடுபாய்தலைப் பழங்கார்க் கண்காட்சி நடுவர்கள் வெளியிலிருந்து அறியார். அசல் பாகம் என்றே மதிப்பெண் போடுவர். வேலையிழந்த சோக் சுருளையும் அவர்கள் பொருட்டே இருந்த இடத்தில் விட்டுவைப்பர்.