கரண்டு கம்பெனி மொதலாளிக்கு அப்புச்சி சொல்றது

ஏங்கண்ணு, ஈபி ஆபீசுக்குப் பூட்டுப் போட நாள் குறிச்சாச்சா? சைக்கிள் ரிம்மைச் சுத்தியும் காந்தமா ஒட்டிப்போட்டு, பெட்ரோல் வேண்டாம், கரண்டு வேண்டாம், தானாச் சுத்தப்போகுதுன்னு பையன் சோறு தண்ணி மறந்து கெடக்கறான்னு உன்ற அம்மா வந்து பொலம்பிட்டுப் போறா. எனக்குச் சந்தோசம்தான். ஆனா ஒரே ஒரு வெசனம். தோட்டத்து மோட்டாருக்கு கவர்மெண்டே சும்மா கரண்டு குடுத்துட்டு இருக்குது. நீயும் சும்மா குடுக்க ஆரம்பிச்சா அத்தனை கரண்டையும் எங்கீடா கொண்டுபோய்க் கொட்டறது?

நீ டீ குடிக்கப் போன நேரமாப் பார்த்துச் சாளைக்குள்ள பூந்து பார்த்தன். ஸ்டாண்டுல இருக்கற காந்தத்துக்கிட்ட ரிம்மைக் கொண்டுபோனதும் குடுகுடுன்னு ஓடுச்சு. அடேங்கப்பான்னு வாயைப் பொளந்தன். முக்காச் சுத்து வந்ததும் சித்தெ தயங்குச்சு. பின்னால போச்சு, முன்னால வந்துச்சு, ஆடி ஆடி அங்கயே நின்னுருச்சு. விரல்ல தள்ளிவிட்டாலும் மறுக்கா அதே எடம். அந்த எடத்துல நீ சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சிருக்கற. பக்கத்துலயே அழிச்ச கோடு நாலஞ்சு. நேரா ஒட்டினயாட்ட இருக்குது, சாச்சு ஒட்டினயாட்ட இருக்குது, சுருளாவும் ஒட்டிப் பார்த்துட்ட. நிக்கற எடம் மாறுச்சே தவர நிக்கறது மாறலை, இல்லையா?

காந்தம் குடுக்கறது தானமில்லை கண்ணு, கைமாத்து. கிட்ட வாரப்ப இழுத்துக் குடுத்த வேகத்தை, விலகிப் போறப்ப எண்ணி வாங்கிக்கும். ஒரு சுத்து முடிஞ்சு பொறப்பட்ட எடத்துக்கே வந்தா வரவும் செலவும் நேர். பேரிங்கு தேய்மானமும் காத்தும் வட்டிக் கணக்கு. அந்த வட்டியை நீ எங்கிருந்து கட்டுவ? நடுவுல இரும்புத் தகட்டை விட்டு மறைச்சரலாம்னு அடுத்த யோசனை வரும், தெரியும். தகட்டையே காந்தம் கவ்விக்கும். அதைப் பிச்சு எடுக்கற பாட்டுலயே மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிரும்.

இதுக்காக மூஞ்சியைத் தொங்கப்போடாதே. உன்றளவுக்குக் கிறுக்கு புடிச்ச பெரியவங்க நெறைய உண்டு. 1150 வாக்குலயே நம்ம பாஸ்கராச்சாரியாரு ஆரக்காலுக்குள்ள பாதரசத்தை ஊத்தி ஓயாமச் சுத்தற சக்கரம்னு எழுதி வெச்சாரு. 1269-ல பீட்டர் பெரிக்ரினஸ்ங்கற பிரான்சுக்காரன், இத்தாலியில ஒரு ஊரை வளைச்சுக்கிட்டிருந்த படையோட கெடந்தப்ப, போற பொழுது போகாம காந்தத்தைப் பத்திக் கடுதாசி எழுதினான். அதுல இரும்புப் பல்லு வெச்ச சக்கரம், பக்கத்துல ஒரு காந்தம், தானாச் சுத்துமாம். உன்ற ரிம்முக்கு அவன்தான் பாட்டன். தானாச் சுத்தற காந்த உருண்டைன்னு இன்னொண்ணும் சொல்லி, சுத்தலைன்னா செஞ்சவன் கைதான் சரியில்லைன்னு சேத்து எழுதினான் பாரு, அவன் பொழைக்கத் தெரிஞ்சவன்!

அவனை விடக் கில்லாடி ஓர்ஃபிரேயஸ்னு பேரு வெச்சுக்கிட்ட ஜெர்மன்காரன். 1717-ல காசெல் பிரபுவோட கோட்டையில சக்கரத்தை ஓடவிட்டு, அறையைப் பூட்டி முத்திரை வெச்சு, வாரக்கணக்குக் கழிச்சுத் தொறந்தா இன்னமும் ஓடிட்டிருந்துதாம். பத்து வருசம் போயி அவன் வீட்டு வேலைக்காரப் பொம்பளை சொன்னா: பக்கத்து அறையில உக்காந்து நாங்கதான் சுத்தினோம்னு. அவ சொன்னது பொய்யின்னு இன்னைக்கும் வாதாடறவங்க இருக்கறாங்க, இருந்துட்டுப் போகட்டும். 1775-ல பாரிஸ் அறிவியல் கழகம், ஓயாத சக்கரம்னு எவன் வந்தாலும் இனிப் பார்க்கறதில்லைன்னு கதவைச் சாத்திருச்சு. நாமளும் லேசுப்பட்டவங்க இல்லை. 1996-ல மூலிகைப் பெட்ரோல்னதும் எத்தனை படிச்சவங்க வாயில ஈ போச்சுன்னு உன்ற அப்பனைக் கேளு. தானாச் சுத்தற சக்கரம்னு நீ பார்த்த வீடியோவுல பல்பு எரிஞ்சுதுங்கற. அந்த வீடியோக்காரன் மேசைக்கு அடியில கேமராவைக் காட்டினானா?

செரி, காந்தத்தையும் சுத்தற தட்டையும் வெச்சு ஒண்ணுமே ஆகாதான்னா, யாரு சொன்னது? நம்ம வீட்டுப் பழைய மீட்டருக்குள்ளயே ஒரு அலுமினியத் தட்டு சுத்திட்டு இருந்துது, பார்த்திருப்ப. அதோட ஓரத்துல ஒரு காந்தம் உண்டு. தட்டை ஓட்டறதுக்கில்லை, அடக்கறதுக்கு. காந்தத்துக்கு நடுவுல அலுமினியம் ஓடுனா அதுக்குள்ளயே கரண்டு சுழண்டு, ஓடறதையே புடிச்சு நிறுத்தப் பார்க்கும். இதைத் தெரிஞ்சுதான் சில புத்திசாலிக மீட்டர் மேல இன்னொரு காந்தத்தை வெச்சுப் பில்லைக் கொறைச்சாங்க. பேரு சொல்ல மாட்டன், எல்லாம் நமக்கு ஒறம்பரை.

காந்தத்தையும் தட்டையும் வெச்சுக் காத்துல கரண்டு எடுக்கறவங்களும் இருக்கறாங்க. ஸ்காட்லாந்துல ஸ்கோராய்க்னு ஒரு ஊரு. ரோடு கெடையாது, படகுல போகோணும், இல்லைன்னா நடக்கோணும். அங்க ஹியூ பிகாட்னு ஒருத்தரு, பழைய வேனோட பிரேக் டிரம்மை எடுத்தே காத்தாடி செஞ்சவரு. அப்பறமா அவரு ரெண்டு இரும்புத் தட்டுக்கு வந்தாரு. தட்டுக்கு 12 காந்தம், வடக்கு தெக்குன்னு மாத்தி மாத்தி. இந்தத் தட்டுல வடக்கு இருக்கற எடத்துக்கு நேரா அந்தத் தட்டுல தெக்கு. நடுவுல 9 செம்புக் காயிலை ரெசின்ல வார்த்து அசையாம நிறுத்தி வெக்கறது. காயிலுக்குள்ள இரும்பு இல்லாததால உன்ற சாக்பீஸ் கோட்டுத் தொந்தரவே அங்க இல்லை, வழுவழுன்னு சுத்தும். உலகம் பூராவும் ஆளுக அதைப் பார்த்துச் செய்யறாங்க.

நீயும் செஞ்சு பாரு. செஞ்சதும் காயில் ஒயரைத் தனித்தனியா விட்டுட்டு ஒருக்கா கையில சுத்து, லேசா இருக்கும். ஒயரு முனைகளை ஒண்ணாச் சேத்து முறுக்கிட்டு மறுக்காச் சுத்து. கை கனக்கும். அந்தக் கனம்தான் கரண்டோட வெலை. அதைக் குடுக்கறதுக்குத்தான் காத்து வேணும். பாலக்காட்டுக் கணவாயில பூந்து வார ஆடிக்காத்துக்குப் பல்லடம், உடுமலைப் பக்கம் எத்தனை காத்தாலை நிக்குது! ஒண்ணாவது காந்தத்தைச் சாச்சு ஒட்டித் தானாச் சுத்துதா?

இன்னொண்ணு. நீ ஹார்ட் டிஸ்க்குல இருந்து பிச்ச காந்தம் சும்மா இல்லை, ரெண்டுக்கும் நடுவுல விரல் சிக்குனா நகம் கன்னிப்போகும். அதை டிரில்லு போட்டு ஓட்டை பண்ணாதே, ஒடையும், தூளு தீப்புடிக்கும். வேகமாச் சுத்தறப்போ பசை விட்டுதுன்னா காந்தம் தெறிச்சு மூஞ்சிக்கு வரும். ஓரத்துல பட்டை கட்டி ரெசின் ஊத்தாமச் சுத்தவே சுத்தாதே.

அப்பறம் சட்டைப் பையில காந்தத்தோட எனக்கு ஆசீர்வாதம் வாங்க வந்து நிக்காதே, அக்கட்டயே நில்லு. என்ற நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்குது. கிட்டக் காந்தம் வந்தா அது கணக்கு மாறித் துடிக்கும். சாளையும் தோட்டமும் எப்படியும் உன்ற பேருக்குத்தாண்டா வரப்போகுது, அதுக்குள்ள என்ன அவசரம்?