தூக்கி அடிடா!

மருமகனுக்கு ஒன்பது வயது. அவனைப் பந்தாட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று என் தங்கை சொன்னபோது, எங்கள் மலையூரான கோலா தெர்லாவில் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் பூப்பந்துத் திடலில் நாலுக்கு நாலு என்று பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு, ஓரமாகக் குந்தியிருக்கும் இடம். "எத்தனைக்கு எத்தனை மாஸ்டர்?" என்று கேட்டேன். "அத பிள்ளைங்கள கேளுங்க" என்றார். கோல் கணக்குக்கூட வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். இன்னொன்று, கண்ணாடி அலமாரி உள்ள கிளப். அலமாரியில் இருபத்து மூன்று கிண்ணங்கள். நானே எண்ணிப் பார்த்தேன். படித்த குடும்பம் நாங்கள். அலமாரியில் சேர்த்துவிட்டோம்.

அந்தக் கிளப் பயிற்றுநரின் ஞானத்தை என்னவென்று சொல்வது! பிற்பகல் மழைக்குப் பிறகு எங்கள் திடலில் பந்து உருளாது, சேற்றில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும். இந்த உண்மையைக் கண்டுபிடித்த அன்றே அவர் பாடத்திட்டம் முழுவதையும் எழுதி முடித்துவிட்டார்: "தூக்கி அடிடா!" கோல்காவலன் தூக்கி அடிப்பான், முன்னால் நிற்கும் நெட்டையன் துரத்துவான். நடுவில் இருக்கும் ஆறு பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கழுத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி உண்டா?

நான்கு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் இந்த உத்தியின் மகிமை இன்னும் கூடும். பந்து எங்கே போனது என்று எதிரணிக்குத் தெரியாது. நம் பிள்ளைகளுக்கும் தெரியாது. எவ்வளவு நேர்மையான ஆட்டம்! ஒரு சனிக்கிழமை தூக்கி அடித்த பந்து வேலி தாண்டிப் போய், தக்காளிக் கூடாரத்தின் பிளாஸ்டிக் கூரையில் தேங்கிய மழைநீரில் வாத்து மாதிரி மிதந்தது. தோட்டத்துத் தவுக்கே ஒரு நீளக் கழியை எடுத்துவந்து, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே அதைத் தள்ளிவிட்டார். பத்து நிமிடம் போயிற்று. பிள்ளைகளுக்கு ஓய்வு வேண்டாமா, அதற்கும் வழி செய்திருக்கிறார் எங்கள் பயிற்றுநர்.

ஆள் பொறுக்குவதிலும் அவரிடம் ஓரவஞ்சனை கிடையாது. சுவரோரமாக வரிசையில் நிறுத்துவார். உயர்ந்தவன் ஆடுவான், குள்ளன் தண்ணீர் பாட்டில் பார்த்துக்கொள்வான். பள்ளிப் போட்டிகளில் வயதைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயது. ஒன்பது வயதில் பதினொரு மாதம் என்பது லேசான காரியமா? பல நாட்டு இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதை ஆய்வாளர்கள் வருடக்கணக்காக எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். எங்கள் பயிற்றுநருக்கு ஒரு சுவர் போதுமாயிருந்தது. என் மருமகனோ மார்கழிப் பிள்ளை. அது முழுக்க முழுக்க என் தங்கையின் குற்றம்.

இருந்தும் கருணையோடு முதல் ஆட்டத்தின் பிற்பாதியில் அவனை இறக்கினார். அவன் காலில் பந்து பட்டது மூன்று முறை. அதில் ஒன்று, பந்தே வழி தவறி வந்து இவன்மேல் பட்டது.

வெளிநாட்டுக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பெல்ஜியத்தில் சிறுவர் ஆட்டங்களைப் படம்பிடித்து, ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து எத்தனை முறை படுகிறது என்று உட்கார்ந்து எண்ணினார்கள். வேலையற்றவர்கள். எண்ணிவிட்டு ஆட்டத்தைச் சின்னதாக்கினார்கள். 2018 உலகக் கிண்ணத்தில் மூன்றாவது இடம்தான் கிடைத்தது. இங்கிலாந்தில் பதினொரு வயது வரை புள்ளிப்பட்டியலே வெளியிடுவதில்லையாம். அப்புறம் பெற்றோர் எதை வைத்துச் சண்டை போடுவது? நான்கு முறை உலகக் கிண்ணம் வென்ற ஜெர்மனி, 2024-25 பருவத்திலிருந்து சின்னப் பிள்ளைகளை மூணுக்கு மூணு என்று குட்டிக் கோல்களில் ஆடவிட்டிருக்கிறது. நம் பூப்பந்து மாஸ்டரை யாரோ அங்கே கூட்டிப் போயிருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடை அறிஞர்களையும் சொல்லாமல் விட்டால் பாவம். தே தாரிக் ஆறும்வரை அவர்கள் பேசாத ஆட்டமுறை இல்லை. ஒருவர் கார்டியோலா கட்சி, பந்தை விடக்கூடாது என்பார். இன்னொருவர் குளோப் கட்சி, விட்டாலும் உடனே பிடுங்க வேண்டும் என்பார். ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்காக இவ்வளவு மெனக்கெடும் இருவருக்கும், பையன் இடங்காலனா வலங்காலனா என்ற அற்ப விஷயத்துக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. பேச்சு எங்கே சுற்றினாலும் நம் தேசியப் பயிற்றுநராக இருந்த ராஜகோபாலில் வந்து நிற்கும். 2009-இல் 23 வயதுக்குட்பட்ட அணிக்கு சீ விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அந்த இளைஞர்கள் பலரை வைத்துக்கொண்டே 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் 4-2 என்று சாய்த்து சுசுகி கிண்ணத்தையும் எடுத்தார். பிள்ளைகளைச் சேர்த்துவைத்துப் பொறுமையாக வளர்த்ததால் வந்தது என்று யாரோ ஓர் இளவட்டம் சொல்ல வந்தான். "நம்ம ஆளு, அதான்!" என்று மேசையைத் தட்டி விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

கம்பாங்கில் மொக்தார் டஹாரி காற்பந்து அகாடமி இருக்கிறதே, அதற்கு அனுப்பலாமா என்றும் தங்கை கேட்டாள். அது எங்கள் பகாங்கில்தான் இருக்கிறது. ஆனால் எங்களுக்குச் சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கிப் பக்கத்து மாநிலத்து ஈப்போவுக்குப் போவது அதைவிடச் சுலபம். "முதல்ல தூக்கி அடிக்கப் பழகட்டும்" என்றேன். புளூவேலித் தோட்டத்தில் கொழுந்து பறித்த எங்கள் ஆத்தா மட்டும், நட்ட செடிக்கு மூணு வருசம் பொறுத்துத்தான் கை வைப்பார்கள் என்று முனகியது. தேயிலைக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்? வயசாகிவிட்டது.

போன ஞாயிறு கிளப்புக்கு இருபத்து நான்காவது கிண்ணம் வந்தது. மருமகன் ஆடவில்லை, படத்தில் இருக்கிறான், ஓரத்தில், பாட்டில் கூடையோடு. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சிமெண்டுக் கால்வாய் ஓரத்துச் சந்தில் நாலு பயல்கள், காற்றுப் போன ஒரு பந்து. இவன் சுவரில் அடித்துத் திரும்பிய பந்தை இடது காலால் நிறுத்தி, எதிரே வந்தவனின் இரண்டு கால்களுக்கும் நடுவே தள்ளிவிட்டு, மறுபக்கம் ஓடிப் பிடித்தான். எல்லாரும் சிரித்தார்கள், ஏமாந்தவனும் சேர்த்து.

"டேய், உள்ள வா! நாளைக்குப் பயிற்சி இருக்கு, கால வீணாக்காத" என்று அதட்டினேன்.

"இன்னும் ஒரு கோல் மாமா" என்றான்.