எண்ணெய் தீருமா?

கேள்வி: எண்ணெய் தீரப்போகிறது என்கிறார் ஒருவர், தீரவே தீராது என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? (வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: பெட்ரோல் பங்க் ரசீதை நம்புங்கள்! அமெரிக்க உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டுச் சரியும் என்று 1956-லேயே சொன்னார் அமெரிக்கப் புவியியலாளர் ஹப்பர்ட், சரிந்தது. பாறையைப் பிளந்து எடுத்த எண்ணெயால் 2018-ல் அந்த உச்சமே முறியடிக்கப்பட்டது. ஆகவே கிணறு வற்றுமா என்ற சண்டை நமக்கு வேண்டாம். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். விலையை யாரோ வைக்கிறார்கள், அதுதான் ஆபத்து. உங்கள் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்கு இறக்குமதி பில் கிடையாது. ஆடி போனால் காற்றும் போய்விடுமே என்பது நியாயமான கேள்வி. மற்ற மாதங்களுக்கு வெயில் இருக்கிறது. மிஞ்சும் மின்சாரத்தில் நீரை மேலேற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்க 400 மெகாவாட் காடம்பாறை போன்ற நிலையங்கள் இன்னும் வேண்டும். உங்கள் ஊர் விசைத்தறி மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அடுத்து மின்சாரத்துக்கு மாறவேண்டியவை பஸ்ஸும் லாரியும்.