அடுத்தவர் தோளுக்கு அளவெடுத்த துப்பாக்கி

உங்களிடம் 1,500 டாலர் இருக்கிறது. மான் வேட்டைப் பருவம் நெருங்குகிறது. பென்சில்வேனியாவோ டெக்சஸோ, எந்த ஊர்க் கடையிலும் 500 டாலருக்குப் புத்தம்புதுத் துப்பாக்கி கிடைக்கும். ஆலையில் செய்தது, பிளாஸ்டிக் கட்டை, பார்க்க அழகே இல்லை, குறி மட்டும் தப்பாது. இன்னொரு 300 டாலருக்கு ஸ்கோப். மிச்சத்தில் தோட்டா, உரிமம், பெட்ரோல், வழியில் சாப்பாடு. மானும் விழும்.

அதனால்தான் அதை வாங்கக் கூடாது. அது கறி தின்ன நினைப்பவர்கள் வாங்குவது. நீங்கள் ரசிகர். உங்களுக்கு வேண்டியது கஸ்டம் ரைஃபிள். ஒருவருடைய கை நீளம், கழுத்து நீளம், கன்ன எலும்பு எல்லாவற்றையும் அளந்து, துப்பாக்கி ஆசாரி ஒருவர் மாதக்கணக்கில் இழைத்துச் செய்தது. புதிதாகச் செய்யச் சொன்னால் 10,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். காத்திருப்பது வருடக் கணக்கு. ஆகவே பழையதாகப் பாருங்கள். யாரோ ஒருவருக்கு டெய்லர் தைத்த கல்யாணக் கோட்டைப் பாதி விலைக்கு வாங்கி, நம் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்வது போலத்தான். தோள் இறங்கியிருந்தால் என்ன, துணி உயர்ந்த துணி.

(சென்னையிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நமக்கு இந்தப் பாக்கியம் இல்லை. கீழே உள்ள படிகளை வைத்துப் பழைய புல்லட் வாங்கலாம். வண்டியைச் சொல்கிறேன்.)

1. மரத்தைப் பார்த்து மயங்குங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புலிவரி, புகைச்சுருள், தேன் நிறம். இப்படிப்பட்ட ரேகை பெரும்பாலும் மரம் கிளை பிரியும் இடத்திலோ வேர்ப்பகுதியிலோ கிடைப்பது. நார் அங்கே நேராக ஓடாது. பிடிப்பகுதி கட்டையிலேயே மெலிந்த இடம், ஒவ்வொரு உதையையும் தாங்க வேண்டிய இடம், அங்கே மட்டுமாவது நார் நேராக இருக்க வேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு ரசனை போதாது. இரும்பின் வால் மரத்தில் முடியும் இடத்துக்குப் பின்னால் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், "அது ரேகைங்க" என்று விற்பவர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கட்டை 1960-களின் கலிபோர்னியா மோஸ்தரில் இருந்தால் விலை இன்னும் குறையும். ராய் வெதர்பி 1945-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய வெதர்பி நிறுவனம் கட்டைகளுக்குக் கண்ணாடிப் பளபளப்புக் கொடுத்தது, கன்னம் வைக்கும் இடத்தைத் தூக்கியது, முனையில் வேறு நிற மரம் ஒட்டியது, நடுவே வெள்ளைக் கோடு இழுத்தது. அதைப் பார்த்து ஊர் ஊருக்கு ஆசாரிகள் வைர வடிவத் துண்டுகளைப் பதித்தார்கள். கல்யாண மண்டப வாசலில் சீரியல் செட் போட்டது போலிருக்கும். காட்டில் மான் உங்களைப் பார்க்காமல் போய்விடுமோ என்ற கவலை இனி வேண்டாம்.

2. கதைக்குக் காசு கொடுங்கள். இரும்பைப் பற்றிக் கேட்காதீர்கள், தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள். "இருபது தோட்டாதான் சுட்டது." "ஒரே ஒரு சீசன்." "பீரோவை விட்டு வெளியே வந்ததே இல்லை." எல்லாத் துப்பாக்கிக்கும் இந்த மூன்றும் பொருந்தும். குழலை மாற்றும் அளவுக்குச் சுட்டுத் தேய்த்ததற்கும் பொருந்தும்.

செய்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லையா? நல்லது. பெயர் இருந்தால்தான் விலை ஏறும். பெயர் இல்லாவிட்டால் "அல் பீசன் பாணி" என்பார்கள். வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் ஊர்க்காரரான பீசன்தான் வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானருக்கு ரைஃபிள் செய்து கொடுத்தவர். 'பாணி' என்ற சொல்லுக்காக 400 டாலர் கூடுதலாகக் கொடுங்கள். நம் ஊரில் "காஞ்சிபுரம் மாதிரி" என்று சொல்லி விற்கும் புடவைக்கு நீங்கள் கொடுக்காததா?

3. வரிசை எண்ணைப் படிக்காதீர்கள். இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள், பலன் பெரிது.

பழைய கஸ்டம் ரைஃபிள்கள் பல, ராணுவத் துப்பாக்கியின் இரும்பை எடுத்து அதன்மேல் புதுக் குழலும் புது மரமும் ஏற்றியவை. அமெரிக்கர்களுக்குப் பிடித்த இரும்பு 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட். இதில் ரிசீவர் என்ற பாகம், அதாவது குழலும் போல்ட்டும் வந்து பூட்டிக்கொள்ளும் எஃகுக் கூடு, ஆரம்ப வருடங்களில் எப்படிப் பதமாக்கப்பட்டது தெரியுமா? உலையில் நிற்பவர் எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்து, சூடு போதும் என்று முடிவு செய்வார். மேகம் மூடிய நாளில் ஒரு சிவப்பு, வெயில் நாளில் ஒரு சிவப்பு. வெளிச்சம் அதிகமாக இருந்தால் எஃகு மங்கலாகத் தெரியும், இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விட்டுவிடுவார். அப்படி அளவு மீறிக் காய்ந்தவை பீங்கான் போல நொறுங்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் சில வெடித்துச் சிதறிய பிறகுதான் விசாரித்தார்கள். 1918-இல் முறையை மாற்றினார்கள், சூட்டை அளக்கக் கருவி வைத்தார்கள்.

ஆகவே மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்ததில் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆலையில் செய்ததில் 285,507-க்குக் கீழும் எண் உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்பது பழைய எச்சரிக்கை. எல்லாமே கெட்டவை இல்லை. எது கெட்டது என்று உடைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது, அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு முன்பு மாசச்சூசெட்ஸில் ஒரு செவ்வாய்க்கிழமை வெயில் அடித்ததா இல்லையா என்பதை உங்கள் கன்னத்துக்கு நாலு அங்குலத்தில் வைத்துப் பரிசோதிக்கும் வாய்ப்பு இது. 500 டாலர் துப்பாக்கியில் இந்த விறுவிறுப்பு கிடைக்குமா?

ஸ்பிரிங்ஃபீல்ட் கிடைக்காவிட்டால் மவுசர் 98. 1898-இல் வந்த வடிவம், இரும்பில் குறை சொல்ல முடியாது. அதனால் அதன்மேல் கை வைத்தவர் யார் என்று கேட்காமல் இருப்பதோடு திருப்தி அடைய வேண்டும். ராணுவ மவுசரின் போல்ட் கைப்பிடியை மேலே தூக்கினால் ஸ்கோப்பில் இடிக்கும். அதை வெட்டி, வளைத்து, பற்றவைக்க வேண்டும். தெரிந்தவர் செய்தால் சூடு பரவாமல் பார்த்துக்கொள்வார். தெரியாதவர் செய்தால் போல்ட்டின் பதமே போய்விடும். ஸ்கோப் மாட்ட மேலே நான்கு துளை போட வேண்டும். நான்கும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்காதீர்கள். அமெரிக்காவில் இந்தக் கொல்லைப்புற ஆசாரிகளுக்கு 'பப்பா' என்று பொதுப்பெயர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பப்பா உண்டு. அவர் செய்ததும் கஸ்டம்தான்.

4. குழலில் எழுதியிருப்பதை நம்புங்கள். .257 ராபர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. 1934-இல் ரெமிங்டன் சந்தைக்குக் கொண்டுவந்த மென்மையான, அருமையான தோட்டா. வாங்கி வந்து போட்டீர்கள், சுட்டீர்கள், தோட்டாக் கூட்டை எடுத்துப் பார்க்கிறீர்கள். போட்டது ஒரு வடிவம், வந்தது வேறு வடிவம். தோள் விறைத்து, இடுப்பு நிமிர்ந்து, ஜிம்முக்குப் போய் வந்தது போல நிற்கிறது. பி. ஓ. ஆக்லி என்ற ஆசாரி பல தோட்டாக்களின் கூட்டை இப்படி நிமிர்த்திக் கூடுதல் வெடிமருந்துக்கு இடம் செய்தார். அதை 'மேம்படுத்தியது' என்பார்கள். பழைய சொந்தக்காரர் குழலில் தோட்டா உட்காரும் அறையைக் கடைந்து மேம்படுத்திக்கொண்டார், குழலில் எழுத மட்டும் மறந்துவிட்டார்.

இது நல்லபடியாக முடிகிற ரகம். மறதிக்காரர் வேறு ஏதாவது தோட்டாவுக்கு அறையைக் கடைந்திருந்தால் முடிவும் வேறு மாதிரி இருக்கலாம். சந்தேகப் பிராணிகள் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையை அறைக்குள் ஊற்றி, வார்ப்பு எடுத்து, அளந்து பார்ப்பார்கள். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையே உள்ள இடைவெளி சரியா என்று ஆசாரியிடம் அளவுக்கட்டை போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். சில பத்து டாலர் செலவு. அந்தப் பணத்துக்குத் தோல் வார் வாங்குங்கள், மரத்துக்கு எடுப்பாக இருக்கும்.

கடையில் விற்காத தோட்டாவாக இருந்தால் இன்னும் சிறப்பு. வீட்டிலேயே ஒவ்வொன்றாகச் செய்ய அழுத்தும் எந்திரம், அச்சு, தராசு எல்லாம் வாங்க வேண்டிவரும். இதையெல்லாம் 1,500 டாலர் கணக்கில் சேர்க்காதீர்கள். மனைவியிடம் சொல்லும் கணக்கு வேறு, நடக்கும் கணக்கு வேறு என்பது எந்த நாட்டிலும் செல்லுபடி.

5. குழலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் கருவி இப்போது 100 டாலருக்குள் வந்துவிட்டது. நல்ல உறவைக் கெடுக்கும் சாதனம். புரிகள் தொடங்கும் இடம் வறண்ட கண்மாய்த் தரை போல வெடித்திருப்பதை அது காட்டிவிடும். வெளியே நீலப் பூச்சு மின்னுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

6. பெரிய கலிபராகக் கேளுங்கள். உங்கள் மான் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான் நிற்கப்போகிறது. ஆகவே அலாஸ்காவின் கரடிக்கும் மூஸுக்கும் பொருத்தமான .338 வின்செஸ்டர் மேக்னத்தை எடுங்கள், அதுவும் எடை குறைந்ததாக. விற்பவர் ஏன் விற்கிறார் என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், ஆனால் அவர் வலது தோளைத் தேய்த்துக்கொண்டே பதில் சொல்வதைக் கவனிக்காதீர்கள்.

7. ஆலை அசலை அழித்துச் செய்தது என்றால் அதிகம் கொடுங்கள். வின்செஸ்டர் மாடல் 70, 1936-இல் வந்தது. 1964-இல் செலவைக் குறைக்க வடிவத்தை மாற்றினார்கள், கட்டையில் செதுக்கும் கோடுகளைக்கூட அச்சில் அழுத்திப் போட்டார்கள். அன்றிலிருந்து பழையதற்கு மவுசு. சேகரிப்பாளர்கள் கேட்பது கை படாத அசலை. மரத்தை மாற்றியது, துளை போட்டது என்றால் விலை சரிந்துவிடும். அதாவது, சுட மட்டும் நினைப்பவருக்கு அருமையான இரும்பு மலிவாக விழும் இடம் இதுதான். இதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது, வாய் தவறிவிட்டது. நீங்கள் வழக்கம்போல "பழையதும், கஸ்டமும்" என்று இரண்டு விலையையும் கூட்டிக் கொடுங்கள்.

8. மூன்று நாளை வீணாக்குங்கள். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வெளிமாநிலத் துப்பாக்கி நேராக வீட்டுக்கு வராது. உரிமம் பெற்ற வியாபாரியிடம் வரும், 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும், பின்னணி சோதிப்பார்கள், அவர் கூலி தனி. ஹெச்-1பி விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவே கூடாது. ஏதாவது ஒரு மாநிலத்தின் நடப்பு வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. மான் சுட அனுமதி வாங்கினால்தான் துப்பாக்கி வாங்க அனுமதி. அமெரிக்காவிலும் தாலுகா ஆபீஸ் உண்டு என்பதில் ஓர் ஆறுதல்.

பல விற்பனையாளர்கள் மூன்று நாள் பார்வைக்கெடு கொடுப்பார்கள். ஒரே நிபந்தனை, சுட்டால் திருப்பக் கூடாது. அந்த மூன்று நாளில்தான் ஆசாரியிடம் காட்ட வேண்டும். நீங்கள் முதல் நாள் மாலையே சுட்டுவிடுங்கள்.

9. அளவு சரியில்லை என்பதை இப்போது கண்டுபிடியுங்கள். விசையிலிருந்து கட்டையின் அடி வரை ஆலைத் துப்பாக்கியில் ஏறக்குறைய 13½ அங்குலம். இது 14½. செய்து வாங்கியவர் ஆறடி நாலங்குலம். நீங்கள் ஐந்தடி ஆறு. கோட்டுப் போட்டுக்கொண்டு தூக்கினால் அக்குளில் மாட்டுகிறது. ஸ்கோப்பில் கறுப்பு வட்டம் தவிர எதுவும் தெரியவில்லை. கைப்பிடி அடியில் வெள்ளித் தகட்டில் அவருடைய முதலெழுத்துகள் வேறு. உங்கள் பெயருக்கு அந்த எழுத்துகள் பொருந்துமாறு ஒரு விளக்கம் தயாரித்து வையுங்கள்.

பிறகு ரம்பத்தை எடுங்கள். ஓர் அங்குலம் வெட்டுங்கள். கட்டையின் மிக அழகான புலிவரி சரியாக அந்த ஓர் அங்குலத்தில்தான் இருக்கும்.

10. விற்றுவிடுங்கள். அடுத்த வருடம் 900 டாலர் என்று விளம்பரம் கொடுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் இரண்டாம் படியைப் பாருங்கள். வருகிறவர் ஆறடி மூன்றங்குலம் இருப்பார். தோளில் வைத்துப் பார்ப்பார், முழங்கையை மடக்குவார், இறக்குவார், அடியைத் தடவுவார், உங்களைப் பார்ப்பார்.

"வெட்டின துண்டு இருக்கா சார்?"

இருக்கிறது. மேசை டிராயரில், சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறது. அதற்குத் தனி விலை சொல்லுங்கள்.