பெயர்த் தேய்மானம்: கீழக்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

பெயர் என்பது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவதற்காக ஏற்பட்டது என்ற கருத்து உலகெங்கும் நிலைபெற்றிருப்பதற்கு, அக்கருத்தை உருவாக்கியவர்களில் எவரும் கீழக்கரை நடுத்தெருவில் நின்று ‘காதர்’ என்று ஒருமுறையேனும் குரல் கொடுத்துப் பார்க்காததே காரணமாதல் வேண்டும். அவ்வாறு குரல் கொடுத்தவுடன் ஒன்றுக்கு மேற்பட்ட தலைகள் ஒருசேரத் திரும்பும் நிகழ்வு இக்கட்டுரையில் ‘தலைத்திருப்பம்’ எனப்படும். ஓர் அழைப்புக்கு ஒரு தலை மட்டும் திரும்புமாயின் அழைக்கப்பட்டது பெயர் எனவும், பல தலைகள் திரும்புமாயின் அது பொது அறிவிப்பு எனவும் கொள்ளப்படும்.

ஆய்வுக்கு இவ்வூரைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. பழந்தமிழில் ‘கீழ்’ என்பது கிழக்கைக் குறிக்கும். ஆனால் இராமநாதபுரத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் அமைந்துள்ள கீழக்கரையில் கடலைக் காண விரும்புவோர் தெற்கு நோக்கித்தான் நடக்க வேண்டும். சோழமண்டலக் கடற்கரை முழுவதையும் மனத்தில் கொண்டு இட்ட பெயர் என்று இதற்குச் சமாதானம் கூறலாமாயினும், ஊரே தன் பெயருக்கு முற்றிலும் கட்டுப்படாதபோது ஊராரிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்ப்பது முறையாகாது.

2. பெயரின் உறுப்புகள்

அரபு மரபில் முழுமையான பெயருக்கு ஐந்து உறுப்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு இடுவது இஸ்மு. இன்னாரின் மகன் என வழிமுறை கூறுவது நசபு. இன்னாரின் தந்தை எனப் பிள்ளையை வைத்துக் குறிப்பது குன்யா. தகுதி பற்றி வருவது லகபு. ஊரோ குலமோ பற்றி வருவது நிஸ்பா. இவ்வைந்தையும் எவரும் கற்றுத்தராமலே இராமநாதபுரக் கடற்கரை கடைப்பிடித்து வருவது வியப்புக்குரியது. நசபு இங்கே தலைப்பெழுத்தாகச் சுருங்கிப் பெயரின் முன் புள்ளியுடன் நிற்கிறது. குன்யா ‘இன்னாருடைய வாப்பா’ என்று விரிந்து பெண்களின் பேச்சில் வாழ்கிறது. லகபும் குலமும் ‘ஆலிம்’, ‘லெப்பை’, ‘மரைக்காயர்’ என்று பெயரின் பின்னே தொடர்கின்றன. மரைக்காயர் என்பதை மரக்கலத்தோடு இணைப்பாரும், கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல்லோடு இணைப்பாரும் உளர். எவ்வழியாயினும் கப்பலிலேதான் ஏற வேண்டியிருப்பதால், இரு தரப்பாரும் ஒரே துறையிலிருந்து புறப்பட்டவர்களே. இலங்கைக்குச் சென்ற மரைக்காயர் அங்கு ‘மரிக்கார்’ ஆனார். கடல் கடந்த ஒரு சொல் ஓரெழுத்தையேனும் சுங்கமாகக் கட்டாமல் கரையேறுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

நசபு சுருங்காமல் முழுமையாக நிற்பதற்குச் சான்று இராமேசுவரத்தில் உள்ளது. 1931ஆம் ஆண்டு அங்குப் பிறந்து, பின்னர் இந்தியக் குடியரசுத் தலைவரான ஆவுல் பக்கிர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாமின் பெயரில் முதலில் நிற்பவர் பூட்டனார், அடுத்தவர் பாட்டனார், அதற்கடுத்தவர் தந்தையார். பெயருக்கு உரியவர் கடைசியில்தான் வருகிறார். மூத்தோர் முன்னே நடக்க இளையவர் பின்னே வரும் இம்முறையை மதியாமல் அயல்நாட்டார் இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எண்ணிக்கொண்டது வேறு செய்தி. ஐஸ்லாந்து மக்களும் தந்தை பெயரோடு ‘மகன்’ அல்லது ‘மகள்’ என்ற சொல்லைச் சேர்த்து வழங்குவதால் அந்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தொலைபேசிக் கையேட்டிலும் இடுபெயர் வரிசையையே அவர்கள் கைக்கொண்டனர். பனிக்கடலோரத்தில் நிகழ்ந்த இந்த ஒற்றுமைக்குக் கீழக்கரைக் கப்பல்கள் காரணமா என்று இக்கட்டுரை ஆராயாது.

3. தலைத்திருப்பத்தின் தோற்றம்

தலைத்திருப்பத்துக்கு முதற்காரணம், 1166இல் பாக்தாதில் மறைந்த ஞானி அப்துல் காதிர் ஜீலானி அவர்களிடம் இக்கடற்கரை கொண்டுள்ள பெரும்பற்று. அவர் பெயர் ‘அப்துல் காதர்’ என்றும், சமயத்தை உயிர்ப்பித்தவர் என்று பொருள்படும் அவருடைய சிறப்புப் பெயர் ‘முகைதீன்’ என்றும், ஊர் பற்றிய பெயர் ‘ஜெய்லானி’ என்றும் பிள்ளைகளுக்கு இடப்படுகின்றன. ஆகவே மூன்று சகோதரர்கள் மூன்று வெவ்வேறு பெயர்களைத் தாங்கியிருந்தும், மூவருக்கும் ஒரே பெயர்தான் இடப்பட்டுள்ளது என்று ஓர் ஆய்வாளர் வாதிட இடமுண்டு. ‘காதர் முகைதீன்’ என்பதோ ஒரே மகானை ஒரே மூச்சில் இருமுறை அழைப்பது. முதல் அழைப்பு காதில் விழாமற்போனால் இரண்டாவது விழட்டும் என்ற முன்னெச்சரிக்கையாக இதனைக் கொள்ளலாம். இவற்றோடு நாகூர் ஆண்டவரை முன்னிட்டுச் ‘சாகுல் ஹமீது’ம், பக்கத்து ஏர்வாடி தர்காவை முன்னிட்டுச் ‘செய்யது இபுராகிம்’ என்பதும் சேரும்போது தெருவின் தேவை ஏறத்தாழ நிறைவேறிவிடுகிறது.

இரண்டாவது காரணம் பாட்டனார். தமிழில் மகனுடைய மகனுக்குப் ‘பேரன்’ என்று பெயர்; அது ‘பெயரன்’ என்பதன் திரிபு; பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். கிரேக்கத்திலும் முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடுவது நெடுநாள் வழக்கமேயாயினும், அவ்வழக்கத்தை உறவுச்சொல்லுக்குள்ளேயே பொதிந்துவைத்த சிறப்புத் தமிழுக்கு உரியது. இவ்வேற்பாட்டில் உள்ள ஒரே இடர்ப்பாடு தாய்க்கு நேர்வது. மாமனாரின் பெயரை வாயால் உச்சரிப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பெண், அதே பெயரைத் தாங்கித் தொட்டிலில் கிடந்து வீறிடுபவனை எவ்வாறு அதட்டுவாள்? அவள் அவனைத் ‘தம்பி’ என்கிறாள், ‘வாப்பா’ என்கிறாள், சினம் மிகும்போது பெயரே இல்லாத வேறு சொற்களால் அழைக்கிறாள். பட்டப்பெயர் என்னும் பேரிலக்கியம் இவ்வாறு தொட்டிலடியில் பிறந்து, பின்னர் தெருவால் வளர்க்கப்படுகிறது.

4. தேய்வு விதி

இக்கட்டுரை முன்வைக்கும் விதி வருமாறு: ஒரு பெயர் எத்தனை வாய்களால், எவ்வளவு அன்போடு அழைக்கப்படுகிறதோ அந்த அளவுக்குத் தேயும், எவரும் அழைக்காத பெயர் தேயாது. கடலோரத்துச் சிப்பியின் விளிம்பு அலையால் மழுங்குவதை ஒத்தது இது. ஹசன் ‘அசன்’ ஆனதும், உமர் ‘உமறு’ ஆனதும், முகைதீன் ‘மைதீன்’ ஆனதும், இப்ராஹீம் ஷா ‘இபுராம்சா’ ஆனதும் இவ்விதியின்படியே. ஹகரத்தைத் தமிழ் நாவு ஒன்று விழுங்கும், அன்றிக் ககரமாக்கும். தொண்டையின் அடியிலிருந்து எழும் ‘அயின்’ என்ற அரபு எழுத்தையோ அது கண்டதாகவே காட்டிக்கொள்ளாது. ஆங்கிலேயர் மார்கரெட்டைப் ‘பெகி’ என்றும், ஸ்பானியர் ஹொசேயைப் ‘பெபே’ என்றும் அழைப்பதை நோக்க, தமிழ் நாவின் அடக்கம் பாராட்டத்தக்கது.

விதிக்கு மிகச் சிறந்த சான்று, மன்னர் கிழவன் சேதுபதியின் காலத்தில் கீழக்கரையில் வாழ்ந்த வணிகரும் வள்ளலுமான செய்கு அப்துல் காதிர் ஆவார். இப்பெயரின் நடுச்சொல் நசுங்கி, கடைசி மெய் உதிர்ந்து, ‘செய்தக்காதி’ என்ற இடைநிலையைக் கடந்து, ‘சீதக்காதி’ என்று வழவழப்பாகிக் கரையில் ஒதுங்கியது. சீதம் என்றால் குளிர்ச்சி, காதி என்றால் கதர், ஆகவே இது வெயிற்காலத்துக்கு ஏற்ற ஆடையைக் குறிக்கும் என்று எவரேனும் கூறுவாராயின், வள்ளலின் காலத்துக்கும் கதர் இயக்கத்துக்கும் இடையே இரு நூற்றாண்டுகள் இருப்பதை நினைவூட்டி அவரை அமைதிப்படுத்தலாம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர் என்றும், செத்த பின்னும் கொடுத்தவர் என்றும் பெயர்பெற்ற ஒருவரை அழைத்த வாய்கள் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணினால் தேய்மானத்தின் அளவு வியப்பளிக்காது.

இவ்வள்ளலுக்குப் ‘பெரியதம்பி மரைக்காயர்’ என்ற பெயரும் உண்டு. தம்பி என்பவன் இளையவன். இளையவன் எவ்வாறு பெரியவன் ஆவான் என்ற தருக்கச் சிக்கலை, அவருடைய காலத்து மன்னரின் பெயரோடு சேர்த்து நோக்கினால் தீர்க்கலாம். இரகுநாத சேதுபதி என்ற அம்மன்னர் ‘கிழவன்’ என்று வழங்கப்பட்டார். பழந்தமிழில் அச்சொல் உரிமையுடைய தலைவனைக் குறிக்குமாயினும், தெருவில் அவ்வாறு பொருள்கொள்ள யாருக்கும் நேரமிருந்திராது. ஆகவே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரையின் அரசு ஒரு கிழவனிடமும், அதன் வாணிகம் ஒரு தம்பியிடமும் இருந்தன. கிழவன் தம்பிக்குத் தன் பெயரையே பங்கிட்டு ‘விசய ரகுநாத’ என்ற பட்டம் வழங்கினார் என்பர். இராமன் பெயரைத் தலையிலும் பாக்தாத் ஞானியின் பெயரை இடையிலும் தாங்கி ஒரு மரைக்காயர் நடந்துசென்றதில் எவருக்கும் இடறல் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

5. எதிர்த்தேய்வு

அரபுப் பெயர் தமிழாகத் தேய்வது இயல்பு; தமிழ்ப் பெயர் அரபாகத் தடிப்பது அரிது. 1898இல் மறைந்து கீழக்கரையில் அடங்கியுள்ள பேரறிஞர் செய்யிது முகம்மது அவர்களைத் தமிழுலகம் ‘மாப்பிள்ளை லெப்பை ஆலிம்’ என்று அறியும். ஊரின் பெரியவரான தைக்கா சாகிபுக்கு அவர் மருமகனானதால் வந்த பெயர் அது. மணமகன் பெண்வீட்டில் சென்று வாழும் வழக்கமுள்ள ஊரில் மாப்பிள்ளை என்பது ஒருநாள் அலங்காரமாக முடிவதில்லை. அது ஆயுட்காலப் பதவி. அரபியில் மணமகனுக்கு ‘அறூஸ்’ என்று பெயர். ஆகவே அவர் ‘இமாமுல் அறூஸ்’ ஆனார். தைக்கா சாகிபின் இயற்பெயர் என்ன என்று வினவுவோர்க்கு விடை: அப்துல் காதிர். அவருடைய ஊர்ப்பெயரை அரபு நூல்கள் ‘அல்கிர்கரீ’ என்று எழுதின. கீழக்கரை என்பதில் உள்ள ழகரத்தைக் கண்டு அரபு நாவு திகைத்துப் பின்வாங்கியதன் தடயம் அது. தொண்டையடி ‘அயினை’ப் புறக்கணித்த தமிழ் நாவுக்குக் கிடைத்த சரியான பதிலடியும் ஆகும்.

6. ஒரு மறுப்பு

சொல்லின் பொருளுக்கும் அதைத் தாங்குபவருக்கும் தொடர்பு உண்டு என்போர், ‘கலாம்’ என்பதற்குத் தமிழ் அகராதிகள் பூசல், போர் என்று பொருள் தருவதையும், அப்பெயருடையவர் ஏவுகணை செய்ததையும் எடுத்துக்காட்டக்கூடும். ஆனால் அப்பெயர் அரபுச் சொல். அங்கு அதற்குப் பேச்சு என்றே பொருள். ஏவுகணைகளை விட்டபின் எஞ்சிய ஆண்டுகளில் அவர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓயாது பேசியதை நோக்க, இரு மொழியாரும் தத்தம் பங்கைப் பெற்றுக்கொண்டு கலைந்துசெல்வது நலம்.

7. கடவுச்சீட்டும் தேயாப் பெயரும்

அழைக்கப்படாத பெயர் தேயாது என்ற துணைவிதியைக் கடவுச்சீட்டில் காணலாம். அதில் எல்லா எழுத்துகளும் இட்டபடி மாறாமல் நிற்கின்றன. காரணம், அப்பெயரை அன்போடு அழைக்க அதிகாரி எவருக்கும் கட்டளையில்லை. ‘அப்துல் காதர்’ என்றால் பேராற்றல் உடையவனின் அடியான் என்று பொருள். இறைவனின் பண்பை மட்டும் தனியே நிறுத்தி மனிதனை அழைக்கலாகாது என்று மார்க்க அறிஞர் எச்சரித்தும், தெரு முன்பாதியை விட்டுவிட்டுக் ‘காதர்’ என்கிறது. வளைகுடா நாட்டு அலுவலகங்களோ பின்பாதியைக் குடும்பப்பெயர்க் கட்டத்துள் அடைத்துவிட்டு ‘அப்துல்’ என்கின்றன. அதற்கு ‘இன்னாருடைய அடியான்’ என்றுதான் பொருள், இன்னார் யார் என்பது அந்தரத்தில் நிற்கும். இவ்வாறு ஒரு மனிதர் வீட்டில் பாதியாகவும் வேலையிடத்தில் மறுபாதியாகவும் வாழ்ந்து, நிக்காஹ் பதிவேட்டில் மட்டுமே முழுமை பெறுகிறார்.

8. முடிவுரை

இராமநாதபுரத்தில் விளையாட்டரங்கம் ஒன்று சீதக்காதி சேதுபதி என்ற இரட்டைப் பெயரைத் தாங்குகிறது. 2018இல் ‘சீதக்காதி’ என்ற திரைப்படம் வெளிவந்தபோது அதில் நடித்தவர் பெயர் விஜய் சேதுபதி. படத்தில் சீதக்காதி என்ற பாத்திரமே இல்லை, இறந்த பின்னும் கலையைக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு நடிகரே உண்டு. ஆளின் பெயராகப் பிறந்தது தேய்ந்து தேய்ந்து ஒரு குணத்தின் பெயராகிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

வேறெவருக்கும் இல்லாத பெயரைத் தேடி இக்காலப் பெற்றோர் அகராதிகளையும் கைப்பேசிகளையும் புரட்டுகின்றனர். அத்தகைய பெயரைத் தெருவில் அழைத்தால் ஒரு தலைதான் திரும்பும்; இலக்கணப்படி அதுவே குறையற்ற பெயர். ஆனால் அப்பெயருக்கு உரியவர் துபாயில் இருக்கும் நாளில் அழைப்பு சுவரில் மோதித் திரும்பி வரும். காதர் என்ற அழைப்புக்கு அந்நிலை நேராது. உரிய காதர் கப்பலேறியிருந்தாலும், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் சென்றிருந்தாலும், வேறொரு காதர் திண்ணையிலிருந்து எழுந்து ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டு வருவார்.